ஒன்றரை லட்ச ரூபாய் ஆகாயம்

ஷேக் மைதீன் ஜவுளிக்கடையில், முன்பின் பார்த்திராத ஒரு கல்யாண வீட்டாரின் பட்டுச்சேலைக்குக் கிருபைராஜ் பணம் கட்டிக்கொண்டிருந்தபோது கார்டு மெஷினில் தாள் தீர்ந்துபோனது.

“கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி,” என்று ஷேக் மைதீன் மெஷினைக் கவிழ்த்துத் தட்டினார். கிருபைராஜுக்கு அவசரம் எதுவும் இல்லை. அவர் கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் ஒன்றும் இல்லை. ஆனால் கடந்த ஒரு மாதமாக எந்தக் கூரையைப் பார்த்தாலும் அவருக்கு அதற்கு மேலே இருக்கிற வானம்தான் தெரிந்தது.

பெண்ணின் அப்பாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இருபத்திரண்டாயிரம் ரூபாயை ரப்பர் பேண்டு போட்டுக் கையில் வைத்திருந்தார். அதைக் கொடுப்பதா, எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவதா என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

“எனக்கு ஒண்ணு வெளங்கல அண்ணாச்சி. எம் மவ சேலைக்கு நீங்க எதுக்கு ரூவா கட்டுதிய?”

“நான் எங்க கட்டுதேன்? பேங்க் கட்டுது. நீங்க அந்த ரூவாய எங்கிட்டக் குடுத்திருங்க. நான் நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு பேங்குக்குக் குடுத்துக்கிடுவேன். ஒத்தப் பைசா வட்டி கெடையாது.”

“அதுல ஒங்களுக்கு என்ன லாபம்?”

கிருபைராஜ் மறுபடியும் கூரையைப் பார்த்தார். பெண்ணின் அப்பாவும் அண்ணாந்து பார்த்தார். கூட வந்திருந்த நான்கு பெண்களும் பார்த்தார்கள். ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். கிருபைராஜ் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வயது ஐம்பத்து மூன்று. சம்பளம் போடுகிற வங்கியில் டார்லின் என்ற பெண் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கார்டைக் கையில் கொடுத்து, அதன் நன்மைகளை வரிசையாகச் சொன்னாள். கையில் காசு சுமக்க வேண்டாம். தொலைந்தால் ஒரு போன் போட்டு நிறுத்திவிடலாம். செலவு அத்தனையும் மாதக் கடைசியில் ஒரே தாளில் வந்துவிடும். இதற்கெல்லாம் கிருபைராஜ் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியாக அவள் சொன்ன ஒன்றில்தான் மனிதர் விழுந்தார். தொண்ணூறு நாளில் ஒன்றரை லட்ச ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால், தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு இரண்டு பேருக்கு விமான டிக்கெட் இலவசம்.

இரண்டு பேர் என்றதும் அவர் மனதில் வந்தது மனைவி சாலோமிதான். சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது, கிழக்கே வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கப் போகிற விமானம் சின்னதாகத் தெரியும். உடனே சாலோமி கையில் துணியோடு அப்படியே நின்றுவிடுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். உதடு மட்டும் லேசாக அசையும். “இம்புட்டு உயரத்துல எப்படித்தான் உக்காந்திருப்பாகளோ!” என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். இருபத்தேழு வருஷம் தனக்குக் கஞ்சி காய்ச்சிப் போட்டவள் மனதில் இப்படி ஓர் ஆசை கிடக்கிறதே என்று கிருபைராஜுக்கு நெஞ்சு கனத்துப்போனது.

பத்துப் பன்னிரண்டாயிரம் கொடுத்தால் யாரும் டிக்கெட் வாங்கிவிடலாம். ஆனால் சாலோமி விடமாட்டாள். காசு கொடுத்துக் காற்றில் போவதா என்று கேட்பாள். இலவசம் என்றால் மறுக்க முடியாது. அதனால்தான் இந்தப் பாடு. அதனால்தான் சாலோமிக்குத் தெரியாமல் இந்தப் பாடு.

மளிகை, கரண்டு, கேஸ் என்று வீட்டுச் செலவை எவ்வளவு இழுத்தாலும் தொண்ணூறு நாளுக்கும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் வராது. அதனால் ஊரார் செலவையும் தானே செய்வதென்று கிளம்பிவிட்டார்.

ஷேக் மைதீன் புதுத் தாள் போட்டு மறுபடியும் கார்டைச் செருகினார். மெஷின் பாடியது. கிருபைராஜின் போன் ஒருமுறை அதிர்ந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு முறையும் அதிர்ந்தது.

“அல்லா! ரெண்டு தடவ போயிட்டே அண்ணாச்சி! மொதல்ல அடிச்சதும் போயிருக்கு போல. ஒண்ணும் பயப்படாதிய, இப்பவே திருப்பிப் போட்டுருதேன்.”

“பாய்!” கிருபைராஜ் அலறிய அலறலில் சேலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “திருப்பிப் போட்டிராதிய! போட்டா கணக்குல கொறஞ்சிரும்!”

“எந்தக் கணக்குல?”

“அது வந்து... நான் இங்கன பைய உக்காந்திருக்கேன். அடுத்தாப்புல யாராவது இதே வெலைக்குச் சேல எடுத்தா, அந்த ரூவாய எனக்குக் குடுத்திருங்க. போதும்.”

காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் எழுந்தார். அதற்குள் இரண்டு டீ, ஒரு ரோஸ்மில்க் எல்லாம் ஷேக் மைதீன் செலவு. கடைசியில் ஒரு வளைகாப்பு வீட்டார் வந்து சேர்ந்தார்கள். நாற்பத்து நாலாயிரம் ரூபாயைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, கிருபைராஜ் டவுண் பஸ் ஏறினார்.

பஸ் ஆற்றுப் பாலத்தில் நெரிசலில் நின்றது. கீழே தாமிரபரணி பொன்னிறமாகக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு எருமை அசையாமல் நின்றது. பாலத்திலிருந்து பார்த்தாலே இவ்வளவு அழகென்றால், மேகத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? கண்ணை மூடினார். பாபநாசம் மலையிலிருந்து ஆறு இறங்கி வருகிறது. இரண்டு பக்கமும் நெல் வயல். நெல்லையப்பர் கோபுரம் ஒரு விரல் உயரம். தன் பள்ளிக்கூடம் ஒரு தீப்பெட்டி. அதற்குள் தலைமையாசிரியர் எங்கேயோ கத்திக்கொண்டிருக்கிறார், சத்தம் மேலே வரவில்லை. பக்கத்தில் சாலோமி ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணைத் திறந்தபோது அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் போயிருந்தது.

பெட்ரோல் பங்கில் நின்று, வருகிற வண்டிக்காரர்களுக்கெல்லாம் கார்டைத் தேய்த்து இன்னும் நாலாயிரம் சேர்த்தார். ஆக நாற்பத்தெட்டாயிரம். பிறகுதான் புதுச் சிக்கல் தலைகாட்டியது. காசே வேண்டாம் என்று கார்டு வாங்கிய மனிதனின் வீட்டில், வாழ்நாளில் இல்லாத அளவுக்குக் காசு சேர்ந்துவிட்டது. வங்கியில் போட முடியாது. போட்டால் சாலோமியின் போனுக்குத்தான் செய்தி வரும். பீரோ சாவி அவளிடம். அரிசி டின் அவள் ராஜ்யம்.

அப்போது அவர் கண்ணில் பட்டது காணிக்கைக் கவர்க் கட்டு. வாரத்துக்கு ஒன்றாக வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு கவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற கோயிலிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் அச்சடித்துக் கொடுப்பார்கள். கோயில் கவரை எந்தத் திருடனும் தொடமாட்டான் என்று கிருபைராஜ் முடிவு செய்தார். நான்கு கவரில் பன்னிரண்டாயிரம் வீதம் போட்டு ஒட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவரால் ஒரு படிவத்தில் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கவரில் ‘பெயர்’ என்று இருந்த இடத்தில் சாலோமி என்று எழுதினார். ‘காணிக்கையின் நோக்கம்’ என்று இருந்த இடத்தில் விமானம் என்று எழுதினார். தேதி மட்டும் போடாமல் விட்டார். எழுதியதை ஒருமுறை பார்த்துச் சந்தோஷப்பட்டு, கவர்களை ஞானப்பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தார்.

அடுத்த நாலு வாரமும் கார்டு பசியோடு திரிந்தது. ஒருநாள் வாசலில் மீன் கொண்டுவந்த பேச்சித்தாயிடமே நீட்டிப் பார்த்தார்.

“இத வச்சு நான் என்ன செய்ய? தேச்சா செதிலு போவுமா?” என்றாள் பேச்சித்தாய். “எம் மவன் போன்ல காட்டுத அட்டை ஒட்டித் தந்திருக்கான். அதுல போடுங்க.”

“அதுல போட்டா எம் பணம் உடனே போயிரும் தாயி. இதுன்னா பேங்க் பணம்.”

“அப்ப நான் என்ன பேங்குக்கா அயலை வெட்டிக் குடுத்தேன்?”

உள்ளே சாலோமி சிரிக்கிற சத்தம் கேட்டது. கிருபைராஜ் நூற்று அறுபது ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

கார்டு பில் வந்தது. வீட்டுச் செலவைச் சம்பளத்தில் கட்டிவிட்டு, மீதி நாற்பத்தெட்டாயிரத்துக்கு ஞானப்பாட்டுப் புத்தகங்களை விலக்கினார். சுவர்தான் தெரிந்தது. எல்லாப் புத்தகத்தையும் எடுத்துக் கீழே வைத்தார். உதறினார். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை விழுந்தது.

“என்னத்தப் போட்டுத் தேடுதிய?” சாலோமி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“இங்கன... நாலு கவர் இருந்துச்சு.”

“காணிக்கைக் கவரா? அதான் வாரத்துக்கு ஒண்ணாக் கோயில்ல கொண்டு போட்டேனே. இந்த ஞாயித்துக்கெழமையோட முடிஞ்சிட்டு.”

கிருபைராஜ் பைய நாற்காலியில் உட்கார்ந்தார். “கவர்ல என்ன எழுதியிருந்துன்னு பாக்கலையா நீ?”

“கண்ணாடி போடாம எனக்கு என்னத்தத் தெரியும்? கோயில் கவருன்னு தெரிஞ்சுது. எம் பேரு இருந்தாப்புல தெரிஞ்சுது. நீங்கதான் வாரா வாரம் தயாரா வச்சிருக்கியன்னு நெனச்சேன். மனசு நெறஞ்சு போச்சு.”

அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்ததும் அவர் மேலே கேட்கவில்லை. கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், ஜன்னலோரத்தில் அவள் ஆச்சரியப்படுவதைப் பார்க்க முடியாது. பில் கட்ட ஐந்து நாள் இருந்தது.

கோயில் பொருளாளர் ஜெபசீலனை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தார். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஜெபசீலன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாரும் வே! உம்ம வீட்டுக் காணிக்கைய எண்ணுதப்ப எனக்குக் கண்ணு கலங்கிட்டு. ஓய்வு பெற்ற கலெக்டர் வீட்டுல இருந்து கூட இப்படி வரலை.”

“அதப் பத்தித்தான் வே... அந்தக் கவர்ல ஒரு சின்ன...”

“நோக்கத்தப் பத்திக் கேக்காதீரும்! அசனத்தன்னிக்கு ஆராதனைல வாசிக்கது வரைக்கும் வெளிய சொல்லப்பிடாது. கோயில் சட்டம். ஆனா ஒண்ணு சொல்லுதேன், சாலோமி மாதிரி ஒரு சம்சாரம் கெடைக்க நீரு குடுத்து வச்சிருக்கணும்.”

கொடுத்து வைத்தது நாற்பத்தெட்டாயிரம் என்று கிருபைராஜுக்குச் சொல்லத் தோன்றியது. உண்டியலுக்குள் போனதைத் திரும்பக் கேட்டவன் என்று பாளையங்கோட்டையில் பேர் வாங்கினால் பிறகு தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

ஜெபசீலனுக்கு வேறு கவலை. கோயிலின் பொது விருந்தான அசனம் நெருங்கிவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்குச் சோறாக்கி, ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றி, ஜாதி மதம் பார்க்காமல் வந்தவர்களுக்கெல்லாம் பந்தி வைக்க வேண்டும். அதற்காகச் சபையாரிடம் வரி பிரித்த எண்பத்திரண்டாயிரம் ரூபாய் மேஜையில் இருந்தது. கடை கடையாக அலைய ஆள் இல்லை.

கிருபைராஜ் மேஜையைப் பார்த்தார். நாற்பத்தெட்டும் எண்பத்திரண்டும் நூற்று முப்பது. வீட்டுச் செலவு இருபது. சரியாக ஒன்றரை லட்சம்! வாகைக்குளத்து விமானம் ஜெபசீலன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றதுபோல் இருந்தது.

“நான் வாங்கித் தாரேன் வே,” என்றார். குரல் எங்கிருந்தோ வந்தது. “எல்லாத்தையும் கார்டுல வாங்கிருதேன். ரசீது ஒரே தாளா வந்திரும். உமக்குக் கணக்கு எழுதுத வேலையே இல்ல. ரூவாய மட்டும் எங்கிட்டத் தாரும்.”

ஒரே தாள் என்றதும் ஜெபசீலன் மயங்கிவிட்டார்.

அந்தப் பணத்தில் நாற்பத்தெட்டாயிரத்தை எடுத்து மறுநாளே பில்லைக் கட்டினார். ஓட்டை அடைபடவில்லை, அடுத்த மாதத்துக்கு நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான். அதற்குப் பி.எஃப். பணத்தில் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதி, ‘காரணம்’ என்ற இடத்தில் மருத்துவச் செலவு என்று போட்டார். வாழ்க்கையில் ஒரு படிவத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா எல்லாம் கார்டில் சுலபமாக முடிந்தது. ஆட்டில்தான் வந்தது வினை. மேலப்பாளையம் சந்தையில் கிடா ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வியாபாரியிடம் கார்டை எடுத்துக் காட்டினார்.

“என்னது இது?”

“கிரெடிட் கார்டு அண்ணாச்சி.”

“பையில போடும் வே மொதல்ல. ஆடு தின்னுரும்.”

சந்தை முழுக்க நடந்தார். ரொக்கம் இல்லாமல் ஒரு குட்டிகூட நகரவில்லை. கையில் முப்பத்து நாலாயிரம் ரொக்கம் இருந்தது. அதை ஆட்டுக்குக் கொடுத்தால் ஒன்றரை லட்சத்துக்கு அந்த அளவு குறையும். தொண்ணூறாவது நாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கிடாவின் கண்ணைப் பார்த்தார். அதற்குப் பின்னால் வானத்தைப் பார்த்தார். பிறகு வண்ணார்பேட்டையில் மெஷின் வைத்திருந்த ஒரு கோழிக்கடைக்குப் போய், அசனத்துக்குக் கோழி சொல்லிவிட்டார்.

“கோழியா?” ஜெபசீலன் தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அசனத்துல கோழியா வே? நூறு வருசமா ஆட்டுக்கறி போட்ட கோயில் வே இது! எங்க மாமனாரு வேற வாராரு! நான் அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“கோழி ஒடம்புக்கு நல்லது வே. கொழுப்பு கம்மி.”

“அசனத்துக்கு வாரவன் கொழுப்பு கம்மியா இருக்குன்னா வாரான்?”

ஜெபசீலன் அப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கிருபைராஜுக்கு அது வருத்தம்தான். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் போன் அதிர்ந்தது. ‘வாழ்த்துகள்’ என்று வங்கியிலிருந்து செய்தி. பள்ளிக்கூட அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து, இரண்டு டிக்கெட்டும் போட்டு, அச்சடித்து எடுத்தார். தாள் சூடாக இருந்தது. ஆறு எந்தப் பக்கம் தெரியும் என்று புவியியல் ஆசிரியரைக் கேட்டு, சாலோமிக்கு இடது ஜன்னல். தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பின்னால் பெரிய பெரிய அண்டாக்களில் கோழிக்குழம்பு கொதித்தது. வாசனை ஜன்னல் வழியாக வர வர, ஆண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி ஜெபசீலனைப் பார்த்தன. ஜெபசீலன் கிருபைராஜைப் பார்த்தார். கிருபைராஜ் யாரையும் பார்க்கவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்த டிக்கெட்டுகள் நெஞ்சில் லேசாகக் குத்திக்கொண்டிருந்தன.

சபைப் போதகர் பிரசங்கம் செய்தார். கிருபைராஜ் மேகத்துக்கு மேலே போய்விட்டார். அங்கே வெயில் வெள்ளையாக இருந்தது. ஆறு ஒரு நூல் அளவு வளைந்து வளைந்து கடலைத் தேடிப் போனது. சாலோமி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “இங்கன பாருங்க, நம்ம ஆறு!” என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவளை இப்படிச் சந்தோஷமாக அவர் பார்த்ததே இல்லை. நாற்பத்தெட்டாயிரம் போனால் போகிறது. பி.எஃப். கடன் ஐந்து வருஷத்தில் அடைந்துவிடும். ஆட்டுக்கறி அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம். பந்தி முடிந்ததும், வேப்பமரத்தடியில் வைத்து, அவள் கையில் டிக்கெட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

ஜெபசீலன் ஒரு நீளமான தாளோடு எழுந்து முன்னால் போனார். அசன நாளில் அந்த வருஷத்துப் பொருத்தனை என்கிற வேண்டுதல் காணிக்கைகளை, கொடுத்தவர் பெயர், நோக்கம், தொகையோடு வாசிப்பது வழக்கம். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக ஐந்நூறு. மூட்டுவலி குறைந்ததற்காக இருநூறு. வாடகை வீட்டார் தானாகவே காலி செய்ததற்காக ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் சபை “ஆமென்” என்றது.

கிருபைராஜ் பெண்கள் பக்கம் திரும்பி சாலோமியைத் தேடினார். மூன்றாவது வரிசையில் இருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். மாடியில் நிற்கும்போது அசைகிற மாதிரியே உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவருக்கு மனம் இளகியது.

ஜெபசீலன் தாளைத் திருப்பி, கவரில் ஒற்றை வார்த்தையாக இருந்த நோக்கத்தைக் கொடுத்தவரிடமே கேட்டு முழுதாக எழுதிக்கொண்டதாகச் சொல்லி, கண்ணாடியைச் சரிசெய்து, குரலை உயர்த்தினார்.

“கடைசியாக, இந்த வருஷத்திலேயே பெரிய பொருத்தனை: திருமதி சாலோமி கிருபைராஜ், தன் கணவர் தன்னை எப்படியாவது விமானத்தில் ஏற்றிவிடாதபடி கர்த்தர் தடுத்துக் காக்க வேண்டுமென்று, நாலு வாரமாகச் செலுத்திய காணிக்கை, ரூபாய் நாற்பத்தெட்டாயிரம்!”